மொட்டைகளின் கோரை

ராஜபாளையத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை முழுக்க ஒரே பச்சையாக இருக்காது. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். அதற்கு மேலே கோடையில் இலையுதிர்த்துப் பழுப்பேறி நிற்கும் வறண்ட காடு. மடிப்புகளில் ஓடையைப் பற்றிக்கொண்டு ஏறும் கருத்த சோலை. எல்லாவற்றுக்கும் மேலே மரமே இல்லாத, வெளிறிய முகடுகள். இந்தப் பக்கத்தில் அவற்றை மொட்டை என்பார்கள். பேய்மலை மொட்டை என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் அடிவாரத்தில் குறைவு. ஏறிப் பார்த்தவர்களும் குறைவு.

அந்த முகடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வரையாட்டைப் பற்றி எழுதுவார்கள். அது நியாயம்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பாறை விளிம்பில் அது நிற்கும் நிலையைப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் அதன் குளம்புக்குக் கீழே இருப்பதையெல்லாம் ‘புல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில் ஒரு பங்கு புல்லே அல்ல, கோரை. உயர மலையின் குளிருக்கும் காற்றுக்கும் ஊற்று ஈரத்துக்கும் பழகிய கோரைகள். அவற்றைப் பெயர்சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் மாநிலத்திலேயே மிகச் சிலர். அடையாளம் தெரியாத ஒன்று இருந்த இடத்தில் இல்லாமல் போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

சமவெளிக்காரருக்குக் கோரை புதிதல்ல. கண்மாயின் நீர் வற்றும் ஓரத்தில் அது உண்டு. வயலில் எத்தனை முறை பிடுங்கினாலும் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பி வரும் கோரையை விவசாயிகள் சபிக்காத நாளில்லை. அதே கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். பத்தமடைப் பாய் ஆற்றங்கரைக் கோரையில் நெய்வது. பழைய எகிப்தியர்கள் எழுதிய பாப்பிரஸும் இதே குடும்பம்தான். சைப்பரேசியே என்று தாவரவியலாளர்கள் அழைக்கும் இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 5,500 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 2,000 இனங்கள் கேரெக்ஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பூக்கும் தாவரங்களிலேயே மிகப் பெரிய பேரினங்களில் அது ஒன்று. வெப்பமான கண்மாய்க் கரைகளில் சைப்பரஸ் கோரைகள் ஓங்கியிருக்கும். உயரம் ஏற ஏற, குளிர் கூடக் கூட, கேரெக்ஸ் கோரைகள் தலைகாட்டும்.

புல்லையும் கோரையையும் பிரித்தறிவது கடினமான வேலை அல்ல. தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், தடையில்லாமல் உருளும். பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இருக்கும், இடையிடையே கணு இருக்கும். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணம். மூன்று விளிம்புகள் விரலில் தட்டுப்படும். உள்ளே சோறு நிறைந்திருக்கும். அடியிலிருந்து கதிர் வரைக்கும் கணுவே தென்படாத தண்டுகள் மிகுதி. இலைகளை மேலிருந்து பார்த்தால் இன்னொரு வேறுபாடு விளங்கும். புல்லில் இலைகள் தண்டின் இரண்டு பக்கங்களில் மாறி மாறி வரும்; கோரையில் மூன்று வரிசையாக வரும். இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். புல்லில் பெரும்பாலும் அந்த உறை ஒரு பக்கம் திறந்திருக்கும். கோரையில் அது முழுக்க மூடிய குழாய்.

இந்தக் குணங்களில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. உருண்டைத் தண்டுள்ள கோரைகள் உண்டு, எலியோகாரிஸ் அப்படித்தான். மலையின் சதுப்பான இடங்களில் ஜங்கஸ் என்ற வேறு குடும்பத்துச் செடி கோரையைப் போலவே கொத்தாக நிற்கும். அதன் காயைப் பிரித்தால் உள்ளே நுண்ணிய விதைகள் பல இருக்கும். கோரையிலோ ஒரு காய்க்கு ஒரே விதைதான். வெள்ளைப் பொத்தான் பூக்களோடு ஈரப் புல்வெளியை நிறைக்கும் எரியோகாலானையும் கோரை என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தனிக் குடும்பம்.

கேரெக்ஸ் பேரினத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அதைக் கண்டுவிட்டால் பிறகு சந்தேகமே வராது. மற்றக் கோரைகளில் காய், செதில்போன்ற ஓர் இலையின் கக்கத்தில் வெறுமையாக உட்கார்ந்திருக்கும். கேரெக்ஸில் ஒவ்வொரு பெண் பூவையும் ஒரு தனிப் பை முழுக்க மூடியிருக்கிறது. குடுவை வடிவம், உச்சியில் சிறு வாய். அந்த வாய் வழியாகச் சூலகமுடிகள் மட்டும் வெளியே நீண்டு, காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்கின்றன. மகரந்தம் சேர்ந்த பிறகு காய் அந்தப் பைக்குள்ளேயே முற்றுகிறது, பையோடேயே உதிர்கிறது. பையின் நீளம், அதன் மேல் ஓடும் நரம்புகள், வாயின் பிளவு, வெளியே நீளும் முடிகள் இரண்டா மூன்றா என்பது ஆகியவற்றை வைத்துத்தான் இனங்கள் பிரிக்கப்படுகின்றன. பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸ் இருந்தால் போதும். காய் இல்லாத நிலையில் எடுத்துவந்த கேரெக்ஸ் மாதிரியைப் பார்த்து எந்த நிபுணரும் உறுதியாகப் பெயர் சொல்லத் தயங்குவார்.

தென்னிந்திய மலைகளில் லென்ஸ் இல்லாமலே கண்டுகொள்ளக்கூடிய கேரெக்ஸ் ஒன்று இருக்கிறது. கேரெக்ஸ் பேக்கன்ஸ். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையிலும் சோலையின் ஓரத்தில், ஓடைக் கரையில், நிழலும் வெளிச்சமும் கலக்கிற இடத்தில் பெரிய தூராக வளர்கிறது. தண்டு ஒரு மீட்டர் வரை எழும்பும், சில இடங்களில் அதற்கு மேலும். இலை ஒரு சென்டிமீட்டர் அகலம், ஓரம் சொரசொரப்பு. கவனமில்லாமல் உருவினால் கையை அறுக்கும். கிளைத்த பெரிய கதிர். அதில் காய் முற்றும்போது பைகள் உப்பி, உருண்டு, ஆரஞ்சாகிச் சிவந்து, பளபளக்கின்றன. மிளகைவிடப் பெரிதல்லாத அந்தச் செந்நிற மணிகளைப் பார்க்கிறவர்கள் ஏதோ பழம் என்றே எண்ணுவார்கள். கோரைக் குடும்பத்தில் இப்படி ஒரு நிறம் அபூர்வம். காற்றை நம்பிப் பூக்கிற, வண்ணத்தால் யாரையும் அழைக்கத் தேவையில்லாத ஒரு குடும்பத்தில், காய்ப் பருவத்தில் மட்டும் இப்படி ஒரு சிவப்பு. இந்தச் செடி இமயமலை அடுக்குகளிலிருந்து இலங்கை வரையும், கிழக்கே சீனாவுக்கும் தென்கிழக்காசிய மலைகளுக்கும் பரவியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் மேல்வரம்புக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் சோலை விளிம்பில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

இந்தக் கோரைக்கு அறிவியல் பெயர் கிடைத்த கதை நம் பக்கத்தோடும் தொடர்புடையது. 1834-இல் நீஸ் ஃபான் எசன்பெக் என்ற ஜெர்மன் தாவரவியலாளர், இந்தியக் கோரைகளை விவரித்து எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. அவர் மேசைக்குப் போன மாதிரிகள் ராபர்ட் வைட் சேர்த்தவை. அந்த விவரணை வெளியானதும் வைட் தொகுத்த நூலில்தான். ஸ்காட்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னை மாகாணத்தில் கழித்தவர் வைட். 1830-களின் நடுவில் பாளையங்கோட்டையில் இருந்தார். குற்றால மலையில் நிறையச் சேகரித்தார். அவருக்காகப் படம் வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் தென்னிந்தியத் தாவரங்களை உலகத்துக்குக் காட்டியவர்கள். நூறாண்டு கழித்து, 1931 வாக்கில், சென்னை மாகாணத் தாவர நூலுக்காகக் கோரைகளைப் பற்றி எழுதியவர் ஃபிஷர். அதற்கும் பிறகு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தைக் கட்டியெழுப்பிய பாதிரியார் கே. எம். மேத்யூ, பழனி மலைத் தாவரங்களை 1999-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். தமிழ்நாட்டின் உயர்மலைக் கோரைகளைப் படிக்க விரும்புகிறவர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் நகர முடியாது. ஆனால் பழனிக்கும் நீலகிரிக்கும் கிடைத்த இந்தக் கவனிப்பு, வருசநாட்டுக்குத் தெற்கே நீளும் மலைகளுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. கோடை வாசத்துக்கு ஊர் அமைந்த மலைகளுக்குத் தாவரவியலாளர்கள் போனார்கள். சாலை இல்லாத மலைகளுக்குக் குறைவாகப் போனார்கள்.

சிவப்புக் கோரையைத் தாண்டினால் மற்றவை அடக்கமானவை. கேரெக்ஸ் நூபிஜீனா புல்வெளியின் நடுவே நீர் கசியும் சதுப்பில் சிறு தூராக நிற்கும். பச்சையும் பழுப்புமான நெருக்கமான கதிர், இரண்டு சூலகமுடி, தட்டையான காய். கேரெக்ஸ் ஃபிலிசினாவின் கதிர் செம்பழுப்பாகப் பல கிளைகளாய் விரிந்து ஓடை ஓரத்தில் சாய்ந்திருக்கும். கேரெக்ஸ் ஃபக்கோட்டாவில் பெண் கதிர்கள் நீண்டு தொங்கும். அதற்கும் தண்ணீர் ஓரம்தான் வேண்டும். கேரெக்ஸ் ஸ்பீசியோசா காட்டுத் தரையின் நிழலில் குட்டையாக வாழ்கிறது. இவற்றோடு புல்வெளியின் வறண்ட பாறைச் சரிவுகளில் பல்போஸ்டைலிஸ், ஃபிம்ப்ரிஸ்டைலிஸ் போன்ற நுண்கோரைகளும் உண்டு. எந்தக் கோரை எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே மண்ணுக்கடியில் நீர் எந்த வழியாகப் போகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஏன் இத்தனை இனங்கள், ஏன் இத்தனை குழப்பம் என்று கேட்டால், பதிலின் ஒரு பகுதி குரோமோசோமில் இருக்கிறது. மனிதர் உட்படப் பெரும்பாலான உயிர்களில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு பிடிப்பிடம் உண்டு. செல் பிரியும்போது அந்த இடத்தைப் பிடித்துத்தான் இரு பக்கமும் இழுக்கப்படுகிறது. குரோமோசோம் உடைந்தால், பிடிப்பிடம் இல்லாத துண்டு தொலைந்துபோகும். கேரெக்ஸில் பிடிப்பு குரோமோசோமின் நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆகவே உடைந்த துண்டும் தப்பிப் பிழைத்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதனால்தான் இந்தப் பேரினத்தில் குரோமோசோம் எண்ணிக்கை 12-இல் தொடங்கி 120-க்கும் மேலே வரை மாறுகிறது. எண்ணிக்கை மாறிய கூட்டங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பதில்லை. காலப்போக்கில் விலகித் தனி இனமாகின்றன. கோரைக் குடும்பத்தின் மகரந்தமும் விசித்திரமானது. வழக்கமாக ஒரு தாய்ச் செல்லிலிருந்து நான்கு மகரந்தத் துகள்கள் உருவாகும். கோரையில் நான்கில் மூன்று சுருங்கி அழிந்து ஒன்றே முழுமை பெறுகிறது. இத்தனை சிக்கனமான ஒரு செடி உலகத்தின் குளிர்ந்த ஈர நிலங்களையெல்லாம் பிடித்துவைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தமிழ்நாட்டில் ஆல்பைன் தாவரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், கண்டிப்பான பொருளில் இல்லை என்பதே. குளிரால் மரமே வளர முடியாத எல்லைக்கு மேலுள்ள நிலம்தான் ஆல்பைன். இமயத்தில் அது சுமார் 3,500 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத் தொடரை ஒட்டி, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் உச்சியாக நிற்கும் கோட்டமலை 2,019 மீட்டர். ஆனாலும் இந்த முகடுகளில் உயர்மலையின் பல குணங்கள் இருக்கின்றன: ஆழமில்லாத மண், ஓயாத காற்று, மேகம் தரையில் உரசிப்போகும் நாட்கள், நீலகிரிபோன்ற இன்னும் உயர்ந்த இடங்களில் மார்கழி, தை மாதங்களின் உறைபனி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ராஜபாளையத்தில் 36 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் கோட்டமலை உச்சியில் 24 டிகிரி அளவில் இருக்கும். கண்மாய்க் கோரைக்கும் மொட்டைக் கோரைக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சில கிலோமீட்டர்கள்தான். தட்பவெப்பத்தில் அவை வேறு வேறு நாடுகள்.

உண்மையான ஆல்பைன் கோரையைப் பார்க்கத் திபெத்திய பீடபூமிக்குப் போக வேண்டும். கொப்ரீசியா பிக்மேயா என்று பழைய பெயர் கொண்ட கோரை அங்கே விரல் நீளம்கூட வளராமல், ஆனால் கெட்டியான வேர்ப் பாயாக, சுமார் 4,50,000 சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. 2015-இல் கொப்ரீசியா பேரினம் முழுவதையும் கேரெக்ஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, திபெத்தின் அந்தக் கோரையும் பழனியின் சிவப்புக் கோரையும் இப்போது ஒரே பேரினத்து உறவுகள்.

இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. கேரெக்ஸ் நூபிஜீனா இமயத்திலும் இருக்கிறது, நீலகிரியிலும் இருக்கிறது. நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் வெப்பச் சமவெளியும் தக்காணமும். அங்கெல்லாம் அதனால் வாழ முடியாது. பிறகு எப்படி இங்கே வந்தது? பறவைகளின் வழியாகவோ காற்றின் வழியாகவோ விதைகள் தாவி வந்திருக்கலாம். பூமி குளிர்ந்திருந்த காலங்களில் இடைப்பட்ட குன்றுகள் படிக்கட்டுகளாக உதவியிருக்கலாம். எந்த இனத்துக்கு எது நடந்தது என்று தனித்தனியாகத்தான் ஆராய வேண்டும். அந்தப் பழைய தட்பவெப்பத்தின் பதிவு நீலகிரியின் சதுப்புகளிலேயே கிடைத்தது. சாண்டிநல்லா போன்ற பள்ளங்களில், மட்காத கோரையும் புல்லும் அடுக்கடுக்காகச் சேர்ந்து கரிய பீட் மண்ணாகியிருக்கிறது. ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்த மண்ணில் உள்ள கார்பனின் வகைகளை அளந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மலைப் புற்களில் பல, வறட்சியையும் வெயிலையும் தாங்கும் சி-4 என்ற முறையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கேரெக்ஸும் சோலை மரங்களும் ஈரத்தை விரும்பும் சி-3 முறை. இரண்டும் கார்பனில் வெவ்வேறு அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே பருவமழை நலிந்து சி-4 புற்கள் ஓங்கியிருந்ததும், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மழை பெருகி சி-3 செடிகள் மேலெழுந்ததும் அந்த மண்ணிலிருந்து தெரியவந்தன. மலை உச்சியின் புல்வெளி, மனிதர் காட்டை வெட்டியதால் உண்டான வெற்றிடம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தவர்களுக்கு இது நேரடியான மறுப்பு. இந்தப் புல்வெளிகள் நம் ஊர்களைவிட, நம் உழவைவிடப் பழையவை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். சதுப்பு மண்ணில் காற்று இருக்காது. சாதாரண வேர் அழுகிவிடும். கோரையின் உள்ளே இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் வழியாக ஆக்சிஜன் இறங்கி வேரைக் காக்கிறது. மலை மண்ணில் பாஸ்பரஸ் கட்டுண்டு கிடக்கும். பெரும்பாலான செடிகள் அதைப் பெற வேர்ப் பூஞ்சைகளை நம்புகின்றன. கோரைகளில் பல, பூஞ்சையின் துணையில்லாமல், உப்பிய சிறு வேர்களை விட்டு அவற்றில் அடர்ந்த வேர்மயிர்களை முளைப்பித்து, அமிலம் சுரந்து, பாஸ்பரஸைக் கரைத்து உறிஞ்சுகின்றன. ஊற்றுக்கண்ணில் வேறு செடி நிற்கத் தயங்கும் இடத்தில் கோரை நிற்பதற்கு இதெல்லாம் காரணம். அது நிற்பதால் ஊற்றின் மண் அரிபடாமல் இருக்கிறது. அடியில் மட்காத தழை சேர்ந்து மண் கறுக்கிறது. கறுத்த மண் மழையைத் தேக்கி மெல்ல விடுகிறது. மழை நின்ற பின்னும் ஓடை ஓடுவதில் இந்தக் கறுத்த மண்ணுக்குப் பங்கு உண்டு.

இதை ராஜபாளையத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் தேக்கத்துக்கு வருவது மலை ஓடைத் தண்ணீர்தான். அய்யனார் கோயில் பக்கம் முடங்கியாறு, செண்பகத்தோப்பு ஓடைகள், வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும், எல்லாம் அந்த முகட்டின் கிழக்குச் சரிவு. அந்த நீர் வைப்பாற்றுக்குப் போகிறது. அதே மலைத் தொகுதியின் வடக்குப் பக்கம் வருசநாட்டு மலைகளில் வைகை தொடங்குகிறது. மேற்கே, சிவகிரி மலைகளில் பிறக்கும் பெரியாறு கேரளத்துக்கு இறங்குகிறது. 1895 முதல் முல்லைப் பெரியாறு அணையால் அதன் ஒரு பங்கு மறுபடி கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கிழக்கு அடிவாரத்துக்குச் சாரல் மட்டும்தான். முகட்டுக்கு மட்டும் இரண்டு பருவமழையும் கிடைக்கும். தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்துக்கு மேலே நனைந்து கிடக்கும் அந்தச் சிறு பரப்பை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது தாவரவியலாளர்களுக்கு மட்டும் உரிய கவலை அல்ல.

இங்கே பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. நரைத்த பெரிய அணிலுக்காக 1988-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். வரையாடு திட்டம் வந்தபின் கணக்கெடுப்பும் ஒழுங்காக நடக்கிறது: 2024-இல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. இவையெல்லாம் மகிழ்ச்சி தருபவை. அணிலின் ஓடைக் காடும் வரையாட்டின் மேய்ச்சலும் மேலே உள்ள ஊற்றுகளை நம்பித்தான் இருக்கின்றன. விலங்கைக் காப்பதால் கோரைக்கும் நிழல் கிடைக்கிறது. ஆனால் விலங்கை எண்ணுவதால் மட்டும் கோரையின் நிலை தெரிந்துவிடாது.

நெருப்புதான் முதல் அச்சம். மாசியிலிருந்து சித்திரை வரை இந்த மலையில் தீ எரிவது அடிவார ஊர்களிலிருந்தே தெரியும். கோரையும் புல்லும் தீயில் முழுக்க அழிவதில்லை; குருத்து மண்ணோடு மண்ணாக, தூரின் அடியில் இருக்கும்; மழை விழுந்ததும் துளிர்க்கும். ஆனால் ஆண்டுதோறும் எரிந்தால் சோலையின் விளிம்பு பின்வாங்கும்; விளிம்பின் ஈர நிழலை நம்பிய சிவப்புக் கோரை போன்றவை முதலில் போகும்; பீட் மண் காய்ந்து எரிந்தால் மறுபடி உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். இந்தத் தீக்களில் பெரும்பான்மை மனிதர் கையால் தொடங்குபவை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் எழுந்த தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு ஏறும் தீ எவ்வளவு வேகமானது என்பதை அன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது.

மேய்ச்சல் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதல்ல. மலைமாடு வைத்திருப்பவர்களின் பிழைப்பு தலைமுறைகளாக இந்தக் காட்டோடு பிணைந்தது. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடைசெய்து, பின்னர் அந்தத் தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் அளவுக்குச் சுருக்கியது. மேய்வதைவிட மிதிப்பதே கோரைக்குப் பெரிய கேடு என்பது என் எண்ணம். நூறு மாடுகள் ஊற்றில் இறங்கினால் கறுத்த மண் குழம்பி, வடிகால் திறந்து, சதுப்பு வற்றுகிறது. ஊற்றுகளுக்கு மட்டுமாவது கண்டிப்பான காவல் வேண்டும்.

மூன்றாவது ஆபத்து நல்லெண்ணத்தோடு வருவது. மரமில்லாத மலையைப் பார்த்ததும் மரம் நடலாம் என்று தோன்றுகிறது. ஆங்கிலேயர் இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்றே கணக்கில் எழுதினார்கள்; விடுதலைக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நீலகிரியிலும் பழனியிலும் சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். அவை தாமாகப் பரவி, புல்வெளியின் வெளிச்சத்தையும் நீரையும் எடுத்துக்கொண்டன. பழனி மலையின் புல்வெளிகள் நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளைபோன்ற சிறு குழுக்கள் கொடைக்கானலில் சோலையையும் புல்லையும் மீட்க உழைத்துவந்திருக்கின்றன. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை 2022-இல் மாநில அரசும் வெளியிட்டது. அகற்றிய இடத்தில் மறுபடி எதை வளர்ப்பது என்ற கேள்வி வரும்போது புல்லோடு கோரையும் பட்டியலில் இருக்க வேண்டும். கோரையைத் தூரிலிருந்து பிரித்து நட்டு வளர்க்கலாம். ஈரமும் அந்த மலைக்கே உரிய மூலச் செடியும் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டைகளில் நீலகிரி அளவுக்கு மரத் தோட்டங்கள் ஏறவில்லை. இனியும் ஏறக் கூடாது. அந்த முகட்டில் ஒரு மரக்கன்றுகூட நடத் தேவையில்லை.

வெப்பமேற்றத்துக்கு வேலி கிடையாது. ஒரு டிகிரி கூடினால், அதே குளிரைத் தேடி ஒரு செடி சுமார் 150 மீட்டர் மேலே போக வேண்டும். 1,900 மீட்டரில் வாழும் கோரைக்கு, மலை 2,019 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து உயர்மலைக்குத் தாவ நடுவே வெப்பப் பள்ளத்தாக்குகள். மிஞ்சுவது ஈரம்: ஊற்றும் சோலை நிழலும் கெடாமல் இருந்தால், ஒரே உயரத்திலும் குளிர்ந்த மூலைகள் இருக்கும். கோரைகள் பல தலைமுறைக்கு அங்கே ஒதுங்கி வாழும்.

கேரெக்ஸ் பேக்கன்ஸ் உலக அளவில் அழியும் இனம் அல்ல, பரந்து வாழ்வது. அதனால் அது எந்தச் சிவப்புப் பட்டியலின் தலைப்பிலும் வராது. ஒரு மலையிலிருந்து அது மறைவதையும் எந்தப் பட்டியலும் காட்டாது. இதற்கு வழி, முகட்டின் ஊற்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அங்கே நிற்கும் கோரைகளைப் பதிவுசெய்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்ப்பது. வரையாட்டுக் கணக்கெடுப்புக்காக வனத்துறையினர் ஆண்டுதோறும் இந்த மொட்டைகளில் ஏறுகிறார்கள். அந்தக் குழுக்களோடு பக்கத்துக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர் ஒருவரைச் சேர்த்தால் செலவு ஏறக்குறைய இல்லை. கணக்கெடுப்பு சித்திரையை ஒட்டி நடப்பதால் பல கோரைகள் அப்போது காய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவம் முடிந்த பிறகு இன்னொரு முறை ஏற வேண்டிவரும். மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பளியர் குடியிருப்புகளின் பெரியவர்கள் உடன் வந்தால், எந்த ஊற்று எப்போது வற்றும், எது வற்றாது என்பதும் குறிப்பில் ஏறும்.

காப்பகத்துக்குள் செடி பறிக்க அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் ஓர் இலையும் எடுக்கக் கூடாது. படம் எடுத்தாலே பெரும்பாலான இனங்களைத் தீர்மானித்துவிடலாம், சரியான படங்களாக இருந்தால்: முழுத் தூர் ஒன்று, தூரின் அடியில் உள்ள பழைய இலையுறைகளின் நிறம் தெரிய ஒன்று, கதிரின் முழு நீளம், ஆண் பூக்கள் கதிரின் மேலா கீழா என்று தெரியும் அண்மைப் படம், கைலென்ஸ் வழியாக ஒரு பை, அதிலிருந்து நீளும் சூலகமுடிகள் இரண்டா மூன்றா. உயரமும், காலடியில் மண் ஈரமா நீர் தேங்கியதா என்பதும் கூடவே எழுதப்பட வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல ஹெர்பேரியத்திலும் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மாதிரிகள் இருக்கின்றன.